மதிலுக்கு உள்ளே ஒரு பல்கலைக்கழகம்

ஜெத்தா நகரிலிருந்து செங்கடல் கரையோரமாக வடக்கே 80 கிலோமீட்டர் போனால் துவால் வரும். மீனவர்களின் ஊர். அதன் அருகில் 2007-ல் கட்டுமானம் தொடங்கியது. 2009 செப்டம்பர் 23 அன்று, சவுதி அரேபியாவின் தேசிய நாளில், மன்னர் அப்துல்லா அங்கே ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்துவைத்தார். அவர் பெயரையே தாங்கிய அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுருக்கமாக ‘கவுஸ்ட்’. முதுகலையும் முனைவர் பட்டமும் மட்டும்தான். படிக்க வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. வைப்புநிதி சுமார் 1,000 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. முதல் தலைவராகச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தை நடத்திக்கொண்டிருந்த ஷி சூன் ஃபோங்கை அழைத்து வந்தார்கள்.

உலகம் அதிகம் பேசியது இதையெல்லாம் அல்ல. அந்த வளாகத்தில் பெண்ணும் ஆணும் ஒரே வகுப்பில் உட்காரலாம். பெண் முகத்தை மூட வேண்டியதில்லை. வளாகத்துக்குள் கார் ஓட்டலாம். மதக் காவலர்கள் உள்ளே வர முடியாது. அன்று மதிலைத் தாண்டினால் இதில் எதுவும் இருக்கவில்லை.

இந்தக் கதையைப் பெரும்பாலும் ஒரு மன்னரின் கதையாகவே சொல்கிறார்கள். கனவு கண்டார், பணம் கொடுத்தார், முல்லாக்களை எதிர்த்து நின்றார் என்று. நவீன மேற்காசிய வரலாற்றை ஒரு பெண்கள் கல்லூரியில் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். பாடநூல்களிலும் இந்தத் தொனிதான். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. 2009-ல் அந்த வகுப்பறையில் போய் உட்கார்ந்த சவுதிப் பெண் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அவளுக்கு முன்னால் ஒரு பள்ளி இருந்தது, அந்தப் பள்ளிக்கு முன்னால் ஒரு சண்டை இருந்தது. அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘மதப் பழமை ஊறிய நாட்டில் பல்கலைக்கழகம்’ என்றதும் இஸ்லாமையும் கல்வியையும் எதிரெதிராக நிறுத்திவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் 859-ல் அல் கராவியீன் பள்ளிவாசலை நிறுவியவர் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் என்பது மரபு. அந்தப் பள்ளிவாசல்தான் பின்னாளில் புகழ்பெற்ற கல்விக்கூடமானது. வரலாற்றாசிரியர்கள் சிலர் ஃபாத்திமா கதையை ஐயத்தோடு பார்க்கிறார்கள்; ஆனாலும் நூற்றாண்டுகளாக அந்தச் சமூகம் ஒரு கல்விக்கூடத்தின் தாயாக ஒரு பெண்ணைச் சொல்லிக்கொள்ளத் தயங்கவில்லை. சவுதியின் சிக்கல் வேறு. 1744-ல் திரிய்யா என்ற ஊரில் முஹம்மது இப்னு சவூத் என்ற சிற்றரசரும் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப் என்ற மதச் சீர்திருத்தக்காரரும் செய்துகொண்ட உடன்பாடு, வாளை ஒரு குடும்பத்துக்கும் வேதத்துக்கு விளக்கம் சொல்லும் உரிமையை இன்னொரு தரப்புக்கும் பிரித்துக் கொடுத்தது. பெண்கள் எங்கே நிற்க வேண்டும், எதைப் படிக்க வேண்டும் என்பது அந்த இரு தரப்புக்கும் இடையிலான பேரப்பொருளானது. அரசருக்கு உலமாக்களின் ஆதரவு வேண்டியிருக்கும்போது பெண்களின் கதவு சாத்தப்படும். அவர்களைத் தட்டிவைக்க வேண்டியிருக்கும்போது கொஞ்சம் திறக்கும்.

பெண்கள் பள்ளியின் கதை இஃபத்திடமிருந்து தொடங்குகிறது. பின்னாளில் மன்னரான ஃபைசலின் மனைவி. துருக்கியில் வளர்ந்து படித்தவர். 1955 வாக்கில் ஜெத்தாவில் ‘தாருல் ஹனான்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். பரிவின் இல்லம் என்று பொருள். பெயரையும் நோக்கத்தையும் கவனியுங்கள்: ஆதரவற்ற சிறுமிகளைக் காக்கும் இல்லமாக அதை முன்வைத்தார். அநாதைக் குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை யார் தடுப்பார்கள்? கேட்க முடியாததை வேறு பெயரில் கேட்டு வாங்குவது பெண்களுக்குப் பழகிய வித்தை. ஒரு அரசிக்கும் அதுவேதான் தேவைப்பட்டிருக்கிறது.

1959-ல் பெண்களுக்கு அரசுப் பள்ளிகள் திறக்கப்படும் என்று மன்னர் சவூத் அறிவித்தார். மறு ஆண்டு பள்ளிகள் வந்தன. ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஆண் பிள்ளைகளின் கல்வி, கல்வி அமைச்சகத்திடம் இருந்தது. பெண் பிள்ளைகளின் கல்விக்குத் தனி நிர்வாகம் அமைத்து, அதைத் தலைமை முஃப்தியின் மேற்பார்வையில் விட்டார்கள். பள்ளி வேண்டுமென்றால் சாவி உலமாக்களிடம் இருக்கட்டும் என்ற பேரம் இது. இந்த ஏற்பாடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அப்படியும் எதிர்ப்பு நிற்கவில்லை. பழமைப்பிடிப்புக்குப் பேர்போன புரைதாவில் 1963-ல் பெண்கள் பள்ளியைத் திறக்க முயன்றபோது ஊர் ஆண்கள் திரண்டு தலைநகருக்கே போய் முறையிட்டார்கள். ஃபைசல் விட்டுக்கொடுக்கவில்லை, படையை அனுப்பினார். பள்ளி திறந்தது. முதல் ஆண்டு முழுவதும் அங்கே ஒரே ஒரு மாணவிதான் படித்தாள், அவளும் தலைமையாசிரியையின் மகள் என்று சொல்வார்கள். படைவீரர்கள் காவல் நிற்க, காலியான வகுப்பறையில் ஒரு தாயும் மகளும். மன்னர்களின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. அந்தத் தாயின் பெயரை நான் எங்கும் கண்டதில்லை.

சவுதியின் முதல் பல்கலைக்கழகம் 1957-ல் ரியாத்தில் தொடங்கியது, ஆண்களுக்காக. பெண்கள் 1960-களில் தனித்தேர்வர்களாக அதற்குள் நுழைந்தார்கள். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு மட்டும் எழுதலாம். பிறகு தனி வளாகம் வந்தது, கூடவே ஒரு சிக்கலும் வந்தது: சில பாடங்களுக்குப் பெண் பேராசிரியர்கள் இல்லை, ஆண் பேராசிரியர் பெண்கள் முன்னால் நிற்கக் கூடாது. தொழில்நுட்பம் கைகொடுத்தது. பேராசிரியர் வேறொரு அறையில் கேமரா முன் உட்கார்ந்து பாடம் நடத்துவார். மாணவிகள் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் தொலைபேசியை எடுத்துக் கேட்க வேண்டும். அவருக்கு மாணவிகளின் முகம் தெரியாது. கொரோனா காலத்தில் கைப்பேசியில் பாடம் நடத்திச் சலித்த நமக்கு அந்த வகுப்பை ஓரளவு கற்பனை செய்ய முடியும். அங்கே அது தற்காலிகம் அல்ல, ஒரு தலைமுறையின் உயர்கல்வி. பொறியியலும் சட்டமும் நெடுங்காலம் அவர்களுக்கு மூடியே இருந்தன.

சிலர் கடல் தாண்டினார்கள். துரையா ஒபைத் 1963-ல் அரசு உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன முதல் சவுதிப் பெண். பின்னாளில் ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியத்தின் தலைவரானார்.

1979 நவம்பரில் மெக்காவின் பெரிய பள்ளிவாசலை ஜுஹைமான் அல் உதைபியின் ஆட்கள் ஆயுதங்களோடு கைப்பற்றினார்கள். அரசு உலமாக்களின் அனுமதி பெற்று அவர்களை ஒடுக்கியது. அந்த உதவிக்கான விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் மதக் காவலர்களின் கை ஓங்கியது, ஆண் பெண் பிரிவினை மேலும் இறுகியது.

ஆனால் பிரிவினைக்குள் ஒரு முரண் ஒளிந்திருந்தது. பெண்களுக்குப் பெண்களே கற்பிக்க வேண்டுமென்றால் படித்த பெண்கள் ஏராளமாக வேண்டும். பெண்களுக்குத் தனி வங்கிக் கிளை, தனி மருத்துவப் பிரிவு, தனிக் கல்லூரி என்றால் அவற்றை நடத்தவும் பெண்கள் வேண்டும். சுவர் எழுப்ப எழுப்ப, சுவருக்குப் பின்னால் சம்பளமும் முனைவர் பட்டமும் உள்ள ஒரு பெண்கள் கூட்டம் உருவாகிக்கொண்டே இருந்தது. அரசு தன்னை எதிர்த்துக் கேள்வி கேட்கப்போகிறவர்களைத் தன் செலவிலேயே படிக்கவைத்தது.

1990 நவம்பர் 6 அன்று 47 பெண்கள் ரியாத்தின் சாலைகளில் கார் ஓட்டினார்கள். அவர்களில் பலர் ஆசிரியைகள், பல்கலைக்கழகப் பேராசிரியைகள். வெளிநாட்டில் படித்தபோது ஓட்டுநர் உரிமம் வாங்கியவர்கள். பிடித்துக்கொண்டு போனார்கள். கடவுச்சீட்டுகளைப் பறித்தார்கள், வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பள்ளிவாசல்களில் அவர்களைத் தூற்றினார்கள். பெயர்களையும் தொலைபேசி எண்களையும் அச்சடித்த துண்டறிக்கைகள் ஊரெல்லாம் சுற்றின. அதுவரை வழக்கமாக இருந்த தடைக்கு மார்க்கத் தீர்ப்பின் வடிவமும் கொடுக்கப்பட்டது. அவர்களோடு வேலை பார்த்த ஆண் பேராசிரியர்கள் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்பதன் அடிப்படை ஆய்வகமா, இப்படிப்பட்ட நாளில் சக ஆசிரியைக்காகப் பேச முடிவதா?

2002 மார்ச் 11 அன்று மெக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் தீப்பிடித்து 15 சிறுமிகள் இறந்தார்கள். அபாயா அணியாமல் ஓடி வந்த சிறுமிகளை மதக் காவலர்கள் தடுத்தார்கள் என்று சவுதி நாளிதழ்களே எழுதின. அது சாவுக்குக் காரணம் இல்லை என்றது அரசு விசாரணை. எப்படியோ, அந்த மாதமே பெண்கள் கல்வி நிர்வாகம் உலமாக்களின் கையிலிருந்து கல்வி அமைச்சகத்துக்கு மாறியது. 1960-ல் கொடுத்த சாவி 15 சிறுமிகளின் உயிருக்குப் பிறகு திரும்பி வந்தது.

இந்தப் பின்னணியில்தான் துவாலைப் பார்க்க வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரில் 15 பேர் சவுதிக்காரர்கள்; நாட்டின் பாடத்திட்டத்தை உலகமே குடைந்தது. எண்ணெய் விலை ஏறிக் கஜானா நிரம்பியது. 2005-ல் மன்னரான அப்துல்லா பல்கலைக்கழகம் கட்டும் பொறுப்பை உயர்கல்வி அமைச்சகத்திடம் கொடுக்கவில்லை. அராம்கோ என்ற எண்ணெய் நிறுவனத்திடம் கொடுத்தார். அமைச்சகத்துக்குள் போனால் உலமாக்களின் செல்வாக்கில் சிக்கும். அராம்கோவுக்கு வேலையை முடிக்கத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு: மதில் கட்டி, மதிலுக்குள் வேறு சட்டம் நடத்துவதில் அராம்கோவுக்குத்தான் நாட்டிலேயே அதிகப் பழக்கம்.

1930-களில் அமெரிக்கர்கள் தஹ்ரானில் எண்ணெய் எடுக்க வந்தபோது தங்களுக்கென்று வேலியிட்ட ஒரு குடியிருப்பைக் கட்டிக்கொண்டார்கள். உள்ளே குளிரூட்டிய வீடு, நீச்சல் குளம், திரையரங்கு. வெளியே சவுதித் தொழிலாளர்களுக்கு ஈச்ச ஓலைக் குடிசைகள். அமெரிக்கத் தெற்கின் நிறவெறியை மூட்டை கட்டிக் கொண்டுவந்து பாலைவனத்தில் இறக்கியதுபோல் இருந்த அந்த ஏற்பாட்டை எதிர்த்து 1953-லும் 1956-லும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு நிறுவனம் சவுதியின் சொத்தானது. வேலி அப்படியே இருந்தது. வேலிக்குள் பெண்கள் கார் ஓட்டினார்கள், வேலிக்கு வெளியே முடியாது. அராம்கோவில் வேலை பார்த்த மனால் அல் ஷரீஃப் 2011-ல் பக்கத்து நகரமான கோபாரில் கார் ஓட்டி, அதைப் படம்பிடித்து வெளியிட்டுச் சிறைக்குப் போனார். வேலிக்குள் அவருக்கு அன்றாட வேலையாக இருந்தது சில கிலோமீட்டர் தள்ளி குற்றமானது.

கவுஸ்ட் அந்த வேலியின் வாரிசு. இளங்கலை கிடையாது என்பதால் பதினெட்டு வயதுப் பெண்ணை ஆண்களோடு உட்காரவைப்பதா என்ற கேள்வியே எழாது. ஊருக்கு வெளியே, கடலோரத்தில், வெளிநாட்டுப் பேராசிரியர்களும் மாணவர்களும் நிறைந்த வளாகம். அதைக் கட்டியெழுப்பிய தெற்காசியத் தொழிலாளர்கள் திறப்பு விழாப் படங்களில் இல்லை. அதுவும் பழைய வழக்கம்தான்.

அப்படியும் ஒரு வாரத்துக்குள் புகைந்தது. மூத்த உலமாக்கள் குழுவின் உறுப்பினர் சஅத் அல் ஷித்ரி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஆணும் பெண்ணும் கலப்பது பெரும் தீங்கு என்றும், அங்கே கற்பிக்கப்படும் பாடங்களை மார்க்க அறிஞர்கள் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். பரிணாமக் கொள்கையும் அவருடைய கவலைகளில் ஒன்று. அக்டோபர் தொடக்கத்தில் மன்னர் ஓர் ஆணையிட்டு அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். டிசம்பரில் மெக்கா மதக் காவல் பிரிவின் தலைவர் அஹ்மது அல் காம்தியே, இருபாலர் கலப்பு இயல்பானது, மார்க்கம் அதைத் தடுக்கவில்லை என்று நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். 2010 பிப்ரவரியில் அப்துல் ரஹ்மான் அல் பர்ராக் என்ற அறிஞர், கலப்பை ஆதரித்துப் பிடிவாதமாக நிற்பவர்களைக் கொல்லலாம் என்று ஃபத்வா கொடுத்தார். பெண்கள் எங்கே உட்கார வேண்டும் என்று ஆண்கள் இத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள். அந்த விவாதத்தில் கவுஸ்ட் மாணவி ஒருத்தியின் குரலைத் தேடினால் கிடைப்பது அரிது.

அல் ஷித்ரியின் நீக்கத்தைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடி எழுதியவர்கள் பலர். எனக்கு அந்த வேகமே உறுத்துகிறது. ஒரு கையெழுத்தில் ஒருவர் போனார் என்றால் இன்னொரு கையெழுத்தில் திரும்பி வரவும் முடியும். வந்தார். 2015-ல் அப்துல்லா இறந்து சல்மான் மன்னரானதும் அல் ஷித்ரி அரசவை ஆலோசகரானார்.

அப்துல்லா காலத்தில்தான் ரியாத்தில் இளவரசி நூரா பல்கலைக்கழகத்தின் பிரம்மாண்ட வளாகமும் 2011-ல் திறந்தது. அது பெண்களுக்கு மட்டும். துவாலில் கலந்து படிக்கலாம், ரியாத்தில் பிரிந்து படிக்க வேண்டும். கொள்கை ஒன்றே ஒன்றுதான், எந்த மதிலுக்குள் என்பதை மன்னர் முடிவு செய்வார். நூரா வளாகம் மிகப் பெரியது என்பதால் உள்ளே ஒரு ரயில் ஓடும்படி அமைத்தார்கள். ஓட்டுநர் இல்லாத தானியங்கி ரயில். நாட்டின் பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்த காலம் அது. 2014-ல் அப்துல்லாவின் மகள்கள் இருவர், தாங்களும் இன்னும் இரண்டு சகோதரிகளும் பல ஆண்டுகளாக ஜெத்தா அரண்மனை வளாகத்தில் அடைத்துவைக்கப்பட்டிருப்பதாகப் பிரிட்டிஷ் தொலைக்காட்சியிடம் சொன்னார்கள்.

இதையெல்லாம் வைத்து கவுஸ்ட் வெறும் காட்சிப்பொருள் என்று சொல்ல நான் தயாரில்லை. பவளப்பாறைகள் பற்றியும் கடல்நீரைக் குடிநீராக்குவது பற்றியும் அங்கே நடப்பது உண்மையான ஆய்வு. ஆய்வகத்தில் நிற்கும் ஒரு பெண், ஆய்வகத்தில் நிற்கும் பெண்தான். அந்த ஆய்வகத்தை யார் எதற்காகக் கட்டினார்கள் என்பதால் அவள் செய்யும் சோதனை பொய்யாகிவிடாது. தெரிந்தவர் வீட்டுப் பெண், வேதியியல் முதுகலை முடித்தவள், அங்கே விண்ணப்பிக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். அவள் அம்மாவுக்குப் பயம். “அங்கேயாம்மா போகணும்? பர்தா போடச் சொல்வாங்களே” என்றார். ஆறரை மணிக்கு வாசலைப் பூட்டும் விடுதியில் ஐந்து ஆண்டுகள் மகளை விட்டுவைத்தவர் அவர். வளாகத்துக்குள் பர்தா கட்டாயமில்லை என்று சொன்னேன். போ, ஆனால் போவதற்கு முன் 1990-ல் கார் ஓட்டிய பேராசிரியைகளைப் பற்றிப் படித்துவிட்டுப் போ என்றும் சொன்னேன். அவளுக்கு அந்த அறிவுரை கொஞ்சம் விநோதமாகப் பட்டிருக்கும்.

அந்தக் கதை 1990-ல் முடியவில்லை என்பதால்தான் அப்படிச் சொன்னேன். அஸீஸா அல் யூசுஃப் ரியாத்தின் மன்னர் சவூத் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பித்தவர். பெண் பயணம் போக, கடவுச்சீட்டு வாங்க, மணம் செய்துகொள்ள ஓர் ஆண் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்ற முறையை எதிர்த்து 2016-ல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுவை எடுத்துக்கொண்டு அரசவைக்கு நேரில் போனார். வாங்கவில்லை. தபாலில் அனுப்பச் சொன்னார்கள். 2017 செப்டம்பரில் கார் ஓட்டும் தடை நீங்கும் என்று அரசாணை வந்தது. 2018 மே மாதம் அஸீஸாவையும், லுஜைன் அல் ஹத்லூலையும், 1990-ல் கார் ஓட்டியவர்களில் ஒருவரான ஆயிஷா அல் மானிஅ உள்ளிட்ட வேறு சிலரையும் கைது செய்தார்கள். ஆயிஷாவைச் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். ஜூன் 24 அன்று தடை நீங்கியது. சவுதிப் பெண்கள் கார் ஓட்டும் படங்கள் உலகம் முழுக்கப் போயின. அன்று அஸீஸா சிறையில் இருந்தார். 2019 ஆகஸ்டில், 21 வயதான பெண்கள் காப்பாளர் அனுமதியின்றிக் கடவுச்சீட்டு வாங்கலாம் என்ற மாற்றம் வந்தது, அவர் மனுவில் கேட்டவற்றில் ஒன்று. கேட்டதைக் கொடுத்தார்கள். கேட்டவர்களை மன்னிக்கவில்லை.

சல்மா அல் ஷிஹாப் நூரா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். முனைவர் பட்டத்துக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு மகன்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவரை 2021 ஜனவரியில் பிடித்தார்கள். லுஜைன் போன்றவர்களின் விடுதலைக்கு ஆதரவாக ட்விட்டரில் எழுதியதும், மற்றவர்கள் எழுதியதைப் பகிர்ந்ததும் குற்றம். முதலில் 6 ஆண்டு சிறை. மேல்முறையீட்டில், 2022 ஆகஸ்டில், அது 34 ஆண்டானது. பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். 2025 பிப்ரவரியில் வெளியே வந்தார்.